கிப்லாவுக்குத் திருப்பிய பட்டு

நஸீரின் வாப்பாவுக்குத் தம்பியான சாச்சா மர்சூக் அந்தக் கம்பளத்தைத் தோளில் சுமந்து வந்து ஹோலில் விரித்தபோது, றஸீனா அதில் கால் வைக்கவே பயந்தாள். அவளைக் கலியாணம் முடித்து, ஊர் வழக்கப்படி தான் மாப்பிள்ளையாகக் குடிவரப்போகும் பெண் வீட்டுக்கென்று நஸீர் கட்டாரிலிருந்து அனுப்பியது. முழுக்கப் பட்டு. கரும்பச்சை நிறம், ஓரமெல்லாம் மாதுளம்பூச் சிவப்பு, நடுவில் பள்ளிவாசலில் இமாம் நிற்கும் மிஹ்ராபு மாடத்தைப் போல ஒரு வளைவு. வாசலில் நின்று பார்ப்பவருக்கு வளைவு நிமிர்ந்து தெரியும்படி விரித்து, மர்சூக் போனில் வீடியோவும் எடுத்தார்.

"ஷேக்மார்ர வீட்டிலதான் இப்படிச் சாமான் கிடக்கும். உங்கட பூனையக் கட்டிப் போடுங்க கா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பின்னேரம் அஸர் தொழ வந்து நின்ற றஸீனாவின் உம்மா நிஸ்மியாவுக்குத்தான் அது கண்ணில் குத்தியது.

"யா அல்லாஹ், மிஹ்ராபு கிழக்கப் பாத்துக் கிடக்கே! கிப்லாவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு. வாற சனம் என்ன சொல்லும்? சப்னா, அந்த மூலையப் பிடி."

அந்த வீட்டின் வாசல் மேற்கே வாவியைப் பார்த்தது. தொழுகைக்கு முகம் திருப்பும் கிப்லாவும் அந்தப் பக்கம்தான். தாயும் இளைய மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கம்பளத்தைச் சுழற்றிப் போட்டார்கள். வளைவின் உச்சி இப்போது வாசலை நோக்கியது. உம்மாவுக்கு மனம் ஆறியது.

சப்னா பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுந்து வாசிக்கச் சொன்னால் எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரியும்; சத்தம் மட்டும் தொண்டைக்குள் நின்றுவிடும். ஒருநாள் மணியடிக்கும்வரை அப்படியே நின்றாள். அடுத்த நாள் போகவில்லை. போ என்று யாரும் அடித்து விரட்டவுமில்லை.

காலையில் கூட்டும்போது அவள்தான் கண்டாள். பின்னால் சமைக்கும் குசினிப் பக்கமிருந்து வந்தால் கம்பளம் கரும்பச்சை. வாசல் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் வெளிறிப்போய், பழைய பாசி நிறம். குனிந்து கையால் தடவினாள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. மறுபக்கம் பூனையின் முதுகை எதிராகத் தடவியதுபோல விரலை முட்டியது. பட்டு இழைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோமோ அந்த நிறம். அவளுக்கு அது பிடித்திருந்தது. யாருக்கும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, சித்தி நபீஸா என்று பெயர் கொண்ட மாப்பிள்ளையின் உம்மா மர்சூக்கோடு வந்தா. வாசற்படியைத் தாண்டவில்லை. கீழே பார்த்தபடி நின்றா.

"நிஸ்மியா, இது என்ன?"

"மகன் அனுப்பின காப்பெட்தான் ராத்தா. வாங்க, இரிங்க."

"என்ட மகன் அனுப்பினது கரும்பச்சை. வீடியோவில பாத்தனான். இது என்ன, சோத்துக் கஞ்சி ஊத்தின மாதிரி? வெயில்ல போட்டயளா? இல்லாட்டி அத வித்துப்போட்டு வேற ஒண்ட வாங்கி விரிச்சயளா?"

ஆம்பிளை வந்திருந்ததால் சப்னா உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து கம்பளம் கரும்பச்சையாக மினுங்கியது. திரைக்கு வெளியே கையை நீட்டி உம்மாவின் முந்தானையை இழுத்தாள்.

"உம்மா, இஞ்சால வந்து நிண்டு பாக்கச் சொல்லுங்க."

"நீ உள்ள போ" என்று உம்மா கையைத் தட்டிவிட்டா. பிறகு பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னா: "தூசி ராத்தா. கடல்காத்து அள்ளிக் கொட்டுது. கழுவினா பழைய நிறம் வந்திரும்."

"அப்ப கழுவிப் பாப்பம். நான் நிண்டு பாத்திட்டுத்தான் போவன்."

பட்டைக் கழுவுவதா என்று சப்னா நினைத்தாள். உம்மாவின் கூறைப் பட்டு அலுமாரிக்குள் வெள்ளைத் துணி சுற்றிக் கிடந்தது. உவர்க் கிணற்றுத் தண்ணீரில் ஒரு துளி அதில் பட உம்மா விட்டதில்லை. உடுத்தால் பட்டு, தரையில் கிடந்தால் பாய் என்று ஆகிவிட்டதா?

தலையை முக்காட்டால் இழுத்து மூடிக்கொண்டு அவள் திரையை விலக்கி வெளியே வந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மர்சூக்கும் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"நல்ல நேரம் வந்தாய் மகள்" என்றா சித்தி நபீஸா. "அந்தப் பக்கத்தத் தூக்கு."

அவள் தூக்கினாள்.

கிணற்றடியில் சவர்க்காரத் தூளைக் கரைத்து ஊற்றினார்கள். தும்புத்தடியை உம்மா அவள் கையிலேயே கொடுத்தா. தேய்க்கத் தேய்க்க இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின. ஓரத்துச் சிவப்பு கரைந்து பச்சைக்குள் ஓடியது. மிஹ்ராபின் மேல் ரத்தம் கசிந்ததுபோல இருந்தது. உம்மா "போதும், போதும்" என்று முனகினா.

சித்தி நபீஸா மட்டும் அசையவில்லை. "பாத்தயா மர்சூக்? பட்டெண்டா இப்படிச் சாயம் போகுமா? என்ட கலியாணப் பட்டு இண்டைக்கும் புதிசு மாதிரிக் கிடக்கு. இது பட்டே இல்ல. மாத்திட்டாளுகள்."

அவவின் கலியாணப் பட்டும் ஒருநாளும் கிணற்றடியைக் கண்டிருக்காது. அதை அந்த இடத்தில் யாரும் கேட்கவில்லை. மர்சூக் தலையைச் சொறிந்துகொண்டு அவவின் பின்னால் போனார்.

மதிலில் போட்ட கம்பளத்தைச் சப்னா கிணற்றுப் பக்கம் நின்று பார்த்தாள். வேலிப் பக்கம் போய் நின்று பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே வெளிறல். இனி யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை வீட்டார் போகும்வரை பின்னறையில் அடைந்திருந்த றஸீனா அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். தாத்தா என்று தான் கூப்பிடும் அக்காவிடம் மட்டும் சப்னாவுக்குப் பேச்சு வரும். திருப்பிப் போட்டதை, சாய்ந்த இழையை, இரண்டு நிறத்தை எல்லாம் சொன்னாள். மர்சூக் தனக்கும் அனுப்பியிருந்த வீடியோவை றஸீனா திறந்து பார்த்தாள். வளைவு கிழக்கே பார்த்தபடி இருந்தது.

"இத அப்பவே சொல்லியிருக்கலாமே புள்ள!" என்றவள் உடனே நஸீருக்கு எழுதி அனுப்பினாள். அவர் வாசித்ததற்கு அடையாளமாக இரண்டு கோடும் நீலமாயின. பதில் வந்தது: "எங்கட உம்மா கண்ணால கண்டதச் சொல்றா. அவ பொய் சொல்லுவாவா?"

றஸீனா கண்ணைத் துடைத்தாள்.

"நீ கண்டத உன்ட வாயாலயே சொல்லு. அவருக்கு வொய்ஸ் அனுப்புவம். நீ சொன்னா நம்புவார், நீதானே ஒருத்தரோடயும் கதைக்காதவள்." போனைச் சப்னாவின் வாயருகே பிடித்தாள். "சொல்லு புள்ள. ஓடுது."

சப்னா வாயைத் திறந்தாள். தாத்தாவின் முகம் தெரியவில்லை, போன்தான் தெரிந்தது. அதற்குள் நஸீர் மச்சான், அவருக்குப் பின்னால் அவருடைய உம்மா, மர்சூக், எல்லாரும் எழுந்து வாசிக்கச் சொல்லிக் காத்திருந்தார்கள்.

"சொல்லன் கா" என்று றஸீனா கெஞ்சினாள்.

மதிலிலிருந்து சிவப்பும் பச்சையும் கலந்த தண்ணீர் மணலில் சொட்டிக்கொண்டிருந்தது. போனில் அந்தச் சத்தம் மட்டும் பதிந்துகொண்டு போனது.