பதினாறு நாள் களி

ஹரிகிருஷ்ணனின் கழுத்தைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஹேமலதா. சோப்பு நுரை வழிந்து போனபிறகும் கழுத்து மடிப்பில் இருந்த கறுப்பு போவேனா என்றது.

"அம்மா, எரியுதும்மா."

"எரியட்டும். புள்ளையக் குளிப்பாட்டவே மாட்டியான்னு டாக்டரம்மா என்னைக் கேப்பாங்க. இன்னாடா இது, அடுப்புக்கரி அப்பின மாதிரி!"

இனியா எப்போதோ குளித்துத் தயாராகி வாசற்படி ஓரம் நின்றாள். முழங்காலுக்குக் கீழே இறங்கும் தொளதொள சுடிதார். இந்தச் சித்திரை வெயிலிலும் துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள்.

இரண்டும் ஒரே பிரசவத்தில் பிறந்தவை. ஏழு நிமிஷம் முன்னால் வந்தவள் இனியா. இப்போது பதினோரு வயசு. இரண்டு பேருமே பருமன்தான், எடை பார்த்தால் அரைக் கிலோ முன்னே பின்னே. ஆனால் உப்பளம் பகுதியில் இருந்த அந்தச் சின்ன வீட்டுக்குள் ஒரே உடம்புக்கு இரண்டு பெயர். அவன் புஷ்டியான பிள்ளை, அவள் குண்டுப் பெண். அவன் தட்டில் ஐந்து இட்லி, அவள் தட்டில் இரண்டு.

ஹேமலதா கல்நெஞ்சக்காரி இல்லை. மேட்டுப்பாளையத்தில் சோப்புக் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே பெட்டி அடுக்குகிறவள். வாரத்தில் ஒருநாள் மிச்சம் பிடித்த நேரத்தில் இரண்டு பேருக்கும் தலை பின்னி, நகம் வெட்டி, கதை பேசி மகிழ்கிறவள். அவளுக்கு இருந்ததெல்லாம் பயம். போன வருஷம் ஐந்தாவது படிக்கும்போதே இனியா வயசுக்கு வந்துவிட்டாள். "இவ்ளோ சீக்கிரமாவா?" என்று தெருவே கேட்டது. கேட்டுவிட்டுப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தது.

காலாப்பட்டிலிருந்து அண்ணன் வந்து, பின்னறை வாசலில் மூன்று பச்சைத் தென்னங்கீற்றைக் கட்டினான். பெண்ணுக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். பதினாறு நாளும் தாய்மாமன் வீட்டுச் சீராக அண்ணி கமலவேணி உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றித் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். தட்டை உள்ளே தள்ளுவார்கள். கொஞ்ச நேரத்தில் தட்டு வழித்து வைத்தது போலத் திரும்பி வரும். "பாத்தியா, என் கைப்பக்குவம்!" என்று அண்ணி பூரித்துப் போவாள். ஹேமலதாவுக்கோ அந்தக் காலித் தட்டைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடும். அந்தக் களிதான் மகள் உடம்பில் தங்கிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டாள். தீட்டுக் கழித்த மறுநாளே தட்டில் இட்லி குறைந்தது.

முதலில் இனியா கேட்டாள். பிறகு, கேட்பதற்கு முன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். இரண்டு மாதமாக, சாப்பிடும்போது சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறாள். அந்த முதுகுதான் ஹேமலதாவின் கண்ணிலேயே நின்றது. பெட்டி அடுக்கும்போதும் நின்றது. பெண் மெலியவும் இல்லை, பேசவும் இல்லை.

பள்ளிக்கூடத்துப் பரிசோதனையில் இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொண்டு போய், ரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்து, இன்று ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இனியாவுக்குத்தான் ஏதோ வரப்போகிறது என்று ஹேமலதா மனசைக் கல்லாக்கிக்கொண்டு போனாள். பையனைக் கூட்டிப்போனது, அவளைப் பொறுத்தவரை, பேச்சுத் துணைக்கு.

டாக்டர் கார்குழலி சின்ன வயசுக்காரி. காகிதங்களைப் பார்த்தாள், இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள், பிறகு எழுந்து வந்து ஹரியின் காலரை விலக்கினாள்.

"ஐயோ, இன்னிக்குக் காலையிலகூடத் தேய்ச்சேன் டாக்டர்" என்றாள் ஹேமலதா.

"இது அழுக்கில்லம்மா. எவ்ளோ தேய்ச்சாலும் போகாது. ரத்தத்துல இன்சுலின் அதிகமா ஓடுனா கழுத்துல இப்படிக் கறுக்கும். தம்பிக்கு ஈரல்ல கொழுப்பு படிய ஆரம்பிச்சிருக்கு. சர்க்கரையும் விளிம்புல நிக்குது. இப்பவே பாத்துக்கிட்டா சரியாயிடும், பயப்படாதீங்க."

"தம்பிக்கா? அவ காகிதத்த மாத்தி..."

"மாத்தலம்மா. ரெண்டு பேரும் ஒரே எடைதான். ஆனா இவனுக்குக் கொழுப்பு வயித்துக்குள்ள போய் உக்காந்திருக்கு. அங்கதான் அது கெடுதல் பண்ணும். பாப்பாவுக்கு இடுப்பு, தொடைன்னு தோலுக்கு அடியில இருக்கு. வயசுக்கு வர்ற சமயத்துல ஹார்மோன் மாறும், பொம்பளப் புள்ளைங்க உடம்பு கொஞ்சம் சேத்து வெச்சிக்கத்தான் செய்யும். அவளுக்கு இன்சுலின் ஓரளவு கூடத்தான் இருக்கு, இந்த வயசுல அது ஏறி எறங்கும். ஈரல் நல்லாருக்கு."

ஹேமலதா மகளைத் திரும்பிப் பார்த்தாள். "அவ பசி பசிம்பா டாக்டர். எப்பவும். நான்தான், வாயக் கட்டுடின்னு..."

"பொய் சொல்லலம்மா அவ. போதும்னு மூளைக்குச் சேதி சொல்ற ஒண்ணு கொழுப்புலேருந்தே சுரக்குது, லெப்டின்னு பேரு. பொம்பளப் புள்ளைங்களுக்கு அது அதிகமாவே இருக்கும். எந்நேரமும் ஒருத்தர் கத்திக்கிட்டே இருந்தா நாம காதுல வாங்குவோமா? மூளையும் அப்படித்தான், சேதியக் கேக்காம விட்டுடுது, பசி அடங்காது. அவ தட்ட மட்டும் கொறைக்கிறது வைத்தியம் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு வைங்க. காய், கீரை, பயறு. ரெண்டு பேரும் தெனம் ஒரு மணி நேரம் ஓடி விளையாடணும்." பிறகு ஹரியிடம் குனிந்தாள். "நீ சொல்லு. உனக்கு ரொம்பப் புடிச்சது எது?"

"உளுந்தங்களி" என்றான் ஹரி, யோசிக்காமல். "நல்லெண்ணெய் ஊத்தி."

"அது அக்காவுக்குப் பண்ணதுடா" என்றாள் ஹேமலதா.

"அவ எங்க தின்னா? எண்ணெ நாறுதுன்னு குமட்டுவா. கொல்லப்பக்கம் ஜன்னல்ல எங்கிட்டக் குடுத்துடுவா. பதினாறு நாளும் நான்தான்." சொன்னபிறகுதான் உளறிவிட்டது அவனுக்குப் புரிந்தது. அக்காவைப் பார்த்தான். அவள் துப்பட்டா நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹேமலதாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிற்று. தீட்டு என்று ஒருவரும் கிட்டப் போகாத அந்த அறையில், யார் தின்றது என்று யாருக்குத் தெரியும்?

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அண்ணி போன் செய்தாள். ரிசல்ட் கேட்டவளுக்கு ஹேமலதா எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடிப்பாவி!" கமலவேணியின் குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. "கை கழண்டு போற மாதிரி கிண்டுனேனே! அவன் இன்னா வயசுக்கா வந்தான்? போன அவங்கிட்டக் குடு, ஒரு மஞ்சத்தண்ணி ஊத்திடுறேன்!"

ஹரி காதைப் பொத்திக்கொண்டு கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தான். இனியா சிரித்துவிட்டாள். எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! ஹேமலதா போனை அணைத்துவிட்டு மகள் பக்கம் நகர்ந்தாள்.

"ஏண்டி, அப்பவே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா எல்லாரும் என்னயத் திங்கச் சொல்லுவீங்க. அவனயும் அடிப்பீங்க." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் நீ கேக்கவே இல்லியேம்மா. நீயா முடிவு பண்ணிட்ட" என்றாள்.

பஸ் வந்தது. மூன்று பேர் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். இனியா துப்பட்டாவை ஒரு சுற்று அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஹேமலதா கீரை கடைந்து, அவரைக்காய்ப் பொரியல் செய்தாள். எப்போதும் அவள்தான் தட்டில் போட்டுக் கொடுப்பாள். இன்று பாத்திரங்களை நடுவில் வைத்து, கரண்டியைச் சோற்றில் குத்திவிட்டாள்.

"நீங்களே போட்டுக்கோங்க."

"நெஜமாவா?" என்று ஹரி பாய்ந்தான்.

"டேய், டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கட்டும். மொதல்ல கீர."

முகத்தைச் சுளித்துக்கொண்டே கீரையை ஊற்றிக்கொண்டான். இனியா சுவர்ப் பக்கம் திரும்பப் போனவள், திரும்பாமலே தம்பியின் எதிரே உட்கார்ந்தாள். ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். பொரியல் வைத்துக்கொண்டாள். நிதானமாகச் சாப்பிட்டாள். தட்டு காலியானதும் கை கரண்டிப் பக்கம் போய், பாதியில் நின்றது. கண்கள் அம்மாவின் முகத்துக்கு ஏறி வந்தன.

எடுத்துக்கோ என்று சொன்னாலும் அது தன் அனுமதிதானே என்று தோன்றியது ஹேமலதாவுக்கு. எழுந்து தொட்டிக்குப் போனாள். குழாயைத் திறந்து, காலையிலேயே கழுவி வைத்திருந்த ஒரு தட்டை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர் விரல்களுக்கு நடுவே ஓடியது. பிறகு, பின்னால் பாத்திரத்தின் அடியில் கரண்டி ஒருமுறை உரசியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயைக் கொஞ்சம் சின்னதாகத் திருப்பி வைத்துவிட்டு, அந்தச் சுத்தமான தட்டைத் துலக்கிக்கொண்டே நின்றாள்.