மாரிட்டின் மர லாரி

வெர்லின் முப்பது வருடமாகப் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் குட்டிக் கார்கள் செய்கிறவன். அவன் மனைவி மாரிட் போன குளிர்காலத்தில்தான் அவன் மேஜையின் ஒரு மூலையில் உட்கார்ந்து தன் முதல் லாரியை ஒட்டினாள். இந்த வருடம் டுலூத் நகரில் நடந்த குட்டி வண்டிப் போட்டியில், ஏழு பூச்சு பெயின்ட் வாங்கிப் பளபளத்த அவனுடைய பிக்கப் வண்டிக்கு இரண்டாம் பரிசு. சக்கரமெல்லாம் சேறு அப்பிய அவளுடைய மரம் ஏற்றும் லாரிக்கு முதல் பரிசு.

கூட்டம் முழுக்க அந்த லாரியைச் சுற்றியே நின்றது. வெர்லினுக்கு வயிறு எரிந்தது.

“அசல் சேறு மாதிரியே இருக்கேப்பா! நீ கை வச்சியா?” என்று கேட்டார் நடுவர் ஆர்லன்.

“கொஞ்சம்” என்றான் வெர்லின். அவன் அதைத் தொட்டதே இல்லை. பின்னால் நின்ற மாரிட்டின் காதில் அது விழுந்தது.

வீடு திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: “அந்தச் சேத்தை எதுல செஞ்சேன், சொல்லு பார்ப்போம்?”

அவன் வண்டியின் வேகத்தைக் கூட்டினான்.

“காப்பிச் சக்கையும் பசையும். தினம் உன் கண்ணு முன்னாடிதான் காய வச்சேன்.”

மறுநாள் அவன் ஆர்லனைப் போனில் கூப்பிட்டு, “நான் சொன்னது பொய். எல்லாம் அவளே செஞ்சது” என்று சொல்லிவிட்டான். வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை.