அகற்றப்பட்டவை

பூனை பிடிப்பவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பறவைச் சரணாலயத்தில் விஷ ஊசி போட்டுப் புதைத்த வரிப்பூனை, அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவதற்குள் அவர் மனைவியின் தையல் மிஷின்மேல் உட்கார்ந்திருந்தது. காதோரக் கிழிசல்கூட அப்படியே இருந்தது. அவர் சரணாலயத்துக்குத் திரும்ப ஓடிக் குழியைத் தோண்டிப் பார்த்தார். பூனை அங்கேயும் இருந்தது. மறுநாள் இரண்டு வந்தன. ஆறு வருஷத்தில் நூற்றெண்பதைத் தாண்டிவிட்டன. அவை சாப்பிடவில்லை, கத்தவில்லை, ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. அவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பக்கம் பார்த்தன, அவ்வளவுதான்.

அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. சரணாலயத்தின் சதுப்பு நிலத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவைக்காக அந்த வேலையைச் செய்தார். பறப்பதை எப்போதோ விட்டுவிட்டதால் ஊரார் அதை நடைக்காரி என்றார்கள். தரையில் முட்டையிடும். பூனை வந்தால் ஓடத் தெரியாது. பெரிய மனுஷிபோல ஒதுங்கி வழிவிடும். யார் யாரோ ஆசையாக வளர்த்து, அலுத்துப்போய் விட்டுவிட்டுப் போன பூனைகள் அங்கே பெருகி, அந்த மரியாதையிலேயே வயிறு வளர்த்தன. எண்ணிப் பார்த்தபோது மிஞ்சிய பறவைகள் பத்தொன்பது. பூனைமேல் தப்பில்லை, பறவைமேல் தப்பில்லை, தப்பு செய்தவர்களோ கண்ணிலேயே படவில்லை. கடைசியில் வேலை இவர் தலையில் விழுந்தது. சரணாலய அதிகாரி, ஒரு குஞ்சு செத்தால் இரண்டு நாள் சாப்பிடாத அம்மாள், சுற்றறிக்கை அனுப்பினார்: ஊரிலிருந்து கண்டனக் கடிதங்கள் வருகின்றன, இனிக் கொன்றோம் என்று யாரும் எழுத வேண்டாம், 'அகற்றப்பட்டது' என்று எழுதினால் போதும். இவருக்கும் அது வசதியாக இருந்தது. படிவத்தில் எழுதி எழுதி, வாயாலும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார். அகற்றப்பட்டவை எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமே. அவர் வீட்டில் வந்து சேர்ந்தன.

வீட்டில் கால் வைக்க இடமில்லை. அலமாரித் தட்டில், அரிசி டப்பாமேல், குளியலறை வாளி விளிம்பில் என்று எங்கும் கண்கள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிட்டார். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனார், போன காரியம் மறந்து திரும்பினார். மனைவி திரைச்சீலையும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுப்பவள். வெள்ளைச் சட்டையெல்லாம் பூனை முடி என்று வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஒருநாள், வெட்டப்போன துணியின் நடுவில் அன்று வந்த கறுப்புப் பூனை உட்கார்ந்ததும் அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"இத என்ன பண்ணீங்க?"

"அகற்றினேன்."

"ஆபீஸ்ல பேசற மாதிரி எங்கிட்ட பேசாதீங்க. வீட்ல பேசற மாதிரி சொல்லுங்க. என்ன பண்ணீங்க?"

"கொன்னேன்."

கறுப்புப் பூனை எழுந்து, சோம்பல் முறித்து, வாசல் வழியாக வெளியே போயிற்று. பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

இவ்வளவு சுலபமா என்று அவள் சந்தோஷப்பட்டாள். அவரோ மற்றவற்றைப் பார்க்காமல் கொல்லைக்குப் போய்விட்டார். மீதிப் பூனைகளுக்கும் சொல்லச் சொல்லி அவள் கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். "சொல்லிட்டா நாளைக்கு என் கை வேலை செய்யாதுடி," என்றார் அவர். "நான் விட்டா அந்த வேலைக்கு வேற ஆள் கிடையாது. ஒரே வருஷத்துல ஒரு பறவை மிஞ்சாது." பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அதற்குத்தான் பயந்தார். அவள் மூன்று வாரம் பொறுத்தாள். நான்காவது வாரம் மிஷினைத் துணியில் சுற்றிக் கட்டி, தங்கை வீட்டுக்குப் போக வண்டிக்குச் சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்குத்தான் சதுப்பில் ஒரு நடைக்காரியின் கூட்டுக்கு நாலடி தள்ளி, மஞ்சள் பூனை ஒன்று அவர் வைத்த பொறிக்கூண்டில் சிக்கியது. நிறைசூல். தடவிப் பார்த்தபோது உள்ளே அசைந்தது. கூட்டில் மூன்று முட்டைகள். அவர் வெகுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஊசியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மஞ்சள் பூனை கட்டிவைத்த மிஷின்மேல் இருந்தது. அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள். அவர் தரையில் உட்கார்ந்தார். பூனைகள் வந்த வரிசை அவருக்கு நினைவிருந்தது. ஒவ்வொன்றையும் முகத்துக்கு நேரே பார்த்து, "உன்ன நான் கொன்னேன்," என்றார். முதல் பத்துக்குள் குரல் உடைந்தது, அழுதுகொண்டே சொன்னார். ஒவ்வொன்றாக இறங்கி அவள் காலைச் சுற்றிக்கொண்டு வெளியேறின. வந்த வண்டியை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மஞ்சள் பூனை மட்டும் அசையவில்லை. இரண்டாம் தடவை சொன்னார். போகவில்லை. அவள் உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவளுக்கு மட்டும் சொன்னா போதுமா? வயித்துல இருக்கறதுங்களுக்கும் சொல்லுங்க."

எத்தனை என்று அவருக்குத் தெரியாது. மிஷினுக்கு முன்னால் மண்டியிட்டு, அந்த வயிற்றைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். ஐந்தாவது தடவை சொன்னதும் பூனை எழுந்தது. வயிற்றுப் பாரத்தோடு பார்த்துப் பார்த்து இறங்கி, மெதுவாக வெளியே நடந்தது.

மறுநாள் கூண்டைத் திறக்கும்போது அவர் கை நடுங்கியது, ஆனாலும் வேலை செய்தது. பறவைகள் இப்போது முப்பத்தொன்று. படிவத்தில் இன்னும் 'அகற்றப்பட்டது' என்றுதான் எழுதுகிறார். பூனை சிக்கிய நாளெல்லாம் மாலையில், அன்றைக்கு வந்திருப்பதற்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு, இருவரும் சாப்பிட உட்காருகிறார்கள்.