மேசை விளக்கின் கீழ் ஒரு சுரைக்கன்று

1979ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினேழாம் தேதி. நெய்வேலியில் மூன்றாம் நாளாக விடாத அடைமழை, கூடவே ஊதற்காற்று.

காந்திமதி மேசை விளக்கைத் தூக்கி, அதன் அடியில் மேலும் ஒரு செங்கல்லைச் செருகினாள். விளக்கின் நேர் கீழே, பாதியாக வெட்டிய எண்ணெய் டின்னில், சுரைக்கன்று தலை துவண்டு நின்றது. பல்பின் சூடுதான் அதை வாட்டுகிறது என்பது அவளுடைய அன்றைய முடிவு. அதற்கு முன்பு அறுபது வாட்ஸ் பல்பைக் கழற்றி நாற்பது வாட்ஸ் மாட்டிப் பார்த்திருந்தாள். பூச்சியாக இருக்குமோ என்று மேலாகச் சாம்பலும் தூவியிருந்தாள். எதற்கும் அது நிமிரவில்லை.

விதையை ஊன்றியவர் கட்டிலில் கிடந்த அவளுடைய மாமனார் மருதாசலம். வயிற்றுக் கட்டியோடு கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மகனின் குவார்ட்டர்ஸுக்கு வந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த அறையின் ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. வெயில் எட்டிப் பார்க்காது. "கரண்டு வெளையற ஊருல வெயிலுக்கா பஞ்சம்?" என்று சொல்லி, மகன் பழனிசாமியை ஏவிக் கட்டிலோரம், கைக்கெட்டும் இடத்தில், மேசை விளக்கை வைக்கச் செய்தவரும் அவரே. முளை வந்தபோது பேரப்பிள்ளை பிறந்தது போல மகிழ்ந்தார். இரண்டு இலைகள் விட்டன. அதன் பிறகுதான் வாடத் தொடங்கியது.

"மாமா, எனக்குத் தெரியாம தண்ணி ஊத்தறீங்களா? மண்ணு எந்நேரமும் ஈரமாவே கெடக்குது. வேரு அழுகிப் போயிருமல்ல?"

மருதாசலம் திருட்டுப் பிள்ளையைப் போலச் சிரித்தார். "ஒரு வாய் ஊத்தியிருப்பன் அம்மணி. அதுக்கும் வவுறு இருக்குதல்லோ."

"இனிமே ஊத்துனீங்கன்னா டின்னைத் தூக்கி வெளிய வெச்சிருவேன், ஆமா."

இத்தனையையும் அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நொய்க்கஞ்சி டம்ளரை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். கூடத்திற்கு வந்த பிறகே மூச்சை இழுத்து விட்டாள். பத்து நாட்களாக அவள் வழக்கம் அதுதான். அந்த அறையில் ஒரு புளித்த வாடை இருந்தது. நோயுற்ற முதிய உடலின் வாடை என்று அவள் நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல், பின்புறக் குழாயடியில் பக்கத்து வீட்டுக் கலியம்மாளிடம் சொல்லியும் இருந்தாள்.

"கஞ்சி ஊத்தறதுல ஒரு கொறையும் இல்லீங்க்கா. அந்த நாத்தந்தான் கொடலைப் புடுங்குது."

"மெதுவா பேசும்மா, ஜன்னலு தொறந்துகினு இருக்குது," என்றாள் கலியம்மாள்.

ஆனால் இரண்டு நாள் முன்பு மாமனாரைப் பார்க்க வந்த டாக்டரிடம் அவள் பெருமையோடு பேசினாள். "ஆகாரம் இறங்குதா? இல்லைன்னா உடனே சேர்த்துடணும், குளுக்கோஸ் ஏத்தணும்," என்று அவர் கேட்டார். "டம்ளர்ல சொட்டு மிச்சம் வெக்கறதில்லீங்க," என்றாள். அப்படியானால் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று நண்பகலில் டம்ளரை எடுக்க உள்ளே சென்றாள். டம்ளர் காலியாக இருந்தது. மருதாசலம் விளக்கின் பக்கம் முகம் திருப்பிக் கிடந்தார். அவருடைய கண்கள் இமைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஊர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். பழனிசாமியின் அக்காள் கனகம் தந்தையின் காலடியில் விழுந்து அழுதாள்; பிறகு எழுந்து மூக்கைச் சிந்திவிட்டுக் காந்திமதியைக் கட்டிக்கொண்டாள்.

"கொறை சொல்லோணும்னே பொறந்தவ நானு. எனக்கே ஒண்ணும் அகப்படல. கடைசிச் சொட்டு வரைக்கும் உன் கையால குடிச்சுட்டல்ல போயிருக்குது எங்கப்பன்!"

சுற்றியிருந்த பெண்கள் ஆமோதித்தார்கள். காந்திமதிக்கு அந்தத் துக்கத்திலும் உள்ளம் சற்றே நிமிர்ந்தது. சந்தனம் பூசி, திருநீறு இட்டு, கூடத்தில் கிடத்தியிருந்த மாமனாரின் முகத்தை அவள் நிறைந்த மனத்தோடு பார்த்தாள்.

கலியம்மாள் அவளுடைய காதோரம் குனிந்தாள். "எடுக்கறதுக்குள்ள அந்த ரூமைக் கழுவி வுட்ரலாமா? இன்னும் நாறிக்கினு இருக்குது."

காந்திமதி எழுந்து உள்ளே போனாள். கட்டிலை முந்தின நாளே வாசலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாயும் போர்வையும் போய்விட்டன. உடலும் ஓர் இரவு முழுவதும் கூடத்தில்தான் கிடந்தது. ஆயினும் வாடை போகவில்லை. முன்னிலும் மிகுந்திருந்தது. அவள் முதன்முறையாக மூச்சை அடக்காமல், அது எங்கிருந்து வருகிறது என்று தேடினாள்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதை அணைக்கும் நினைவு எவருக்கும் வரவில்லை.

டின்னைத் தொட்டாள், பல்பின் வெப்பத்தில் வெதுவெதுப்பாக இருந்தது. மேல்மண்ணை விரலால் விலக்கினாள். அடியில் நொய் வெள்ளை வெள்ளையாக, புளித்து நுரைத்துக் கிடந்தது. டின்னின் அடியில் துளையும் இல்லை. கன்றைப் பிடித்த மாத்திரத்தில் அது கையோடு வந்தது. வேர் என்று இருந்தது பழுப்பு நிறத்தில் ஒரு நூல்தான்.

நேற்று குளிப்பாட்டும்போது மாமனாரின் நகக்கண்களில் செம்மண் அப்பியிருந்ததும், அதைத் தான் முகம் சுளித்துத் தேய்த்துவிட்டதும் அவளுடைய நினைவுக்கு வந்தன.

ஜன்னல் திறந்தே இருந்தது. குழாயடியில் கலியம்மாள் யாரிடமோ குடம் கேட்பது, பக்கத்தில் நின்று பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது.

"காந்திமதி, அதைக் கையில வெச்சுட்டு ஏன் நிக்கற?" பழனிசாமி ஈர வேட்டியோடு வாசற்படியில் நின்றிருந்தான்.

"ஏனுங்க..."

"அளுவாத புள்ள. வவுறு நெறஞ்சு போனாரு. எனக்கு அந்த ஒரு ஆறுதல் போதும்."

அவள் வாயெடுத்தாள். அவன் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. ஆறுதலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பவனின் முகம். அவள் நொய் அப்பிய விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்க. செடி பட்டுப் போச்சு."

வாசலில் பறை அதிரத் தொடங்கியது. வாய்க்கரிசிக்கு அழைத்தார்கள். மகனுக்கும் மகளுக்கும் பிறகு கனகம் அவளைக் கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "வழி வுடுங்க சாமி. வாய்க்கு ஊட்டுனவ வர்றா."

முறத்திலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளினாள். எத்தனை கழுவியும் அவளுடைய விரலிடுக்கில் புளிப்பு மணந்தது. குனிந்தாள். அவருடைய முகத்திற்கு இத்தனை அருகில் அவள் ஒருநாளும் வந்ததில்லை. பழக்கத்தால் மூச்சு தானாக அடங்கியது. அவள் அதை விட்டு, ஆழமாக உள்ளிழுத்தாள். சந்தனமும் திருநீறும் மட்டுமே மணந்தன. வேறு ஒரு வாடையும் இல்லை.

அரிசி அவருடைய உதட்டில் பட்டு, உள்ளே இறங்காமல், கன்னத்தின் வழியாகச் சரிந்தது. அவள் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி மறுபடியும் வைத்தாள்.

"போதும் அம்மணி, நேரமாகுது," என்றார்கள்.

மழை ஓய்ந்திருந்தது. பாடை எழுந்தது. அப்போது மணி பன்னிரண்டு நாற்பது.