சாமுவேலின் இடது கண்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. பல வருடங்களுக்கு முன்னால், பேரணாம்பட்டிலிருந்து வேலூருக்கு வரும் பஸ்ஸில், எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"எங்க பெரியம்மா இஸ்கூல்ல படிக்கும்போது, அவங்க நைனா அங்கயே வந்து, பூதக்கண்ணாடில தோலைப் பாத்துட்டு அப்டியே அழுதுட்டாராம்."

"அப்பறம்?" என்றார் மற்றவர்.

அதற்குள் அவர்கள் ஊர் வந்துவிட்டது. இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள். அந்த 'அப்பறம்' மட்டும் இறங்காமல் என்னோடு வேலூர் வந்து, இன்றுவரை என் வீட்டில்தான் இருக்கிறது. அதை எங்கேயாவது அனுப்பிவைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

1931ஆம் வருடம், பேரணாம்பட்டில் மழை பிடித்துக்கொண்ட ஒரு (வேண்டாம். கதை எழுதுகிறவன் கையில் பேனாவை எடுத்ததும் மழை பெய்கிறது. இந்தப் பக்கத்தில் மழை அவ்வளவு மலிவில்லை.)

உயர்கல்வி என்பது அக்காலப் பெண்களுக்கு (இது கதையா, கல்லூரி ஆண்டுமலரா?)

சரி, நேராகச் சொல்லிவிடுகிறேன். அமிர்தவள்ளி வேலூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் விடுதியில் தங்கி ஆறாவது பாரம் படித்தாள். பள்ளியில் அதுதான் கடைசி வருடம். அப்பா சாமுவேல், பேரணாம்பட்டில் வாஹித் பாஷாவின் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஆட்டுத்தோலை உருண்டை மரத்தின்மேல் விரித்துப்போட்டு, வளைந்த கத்தியால் முடியைச் சுரண்டி எடுக்கும் வேலை.

ஒருநாள் விஞ்ஞானம் நடத்தும் கிரேஸி டீச்சர், பள்ளியின் ஒரே மைக்ராஸ்கோப்பை மேசைமேல் வைத்து, லீவு முடிந்து வரும்போது ஆளுக்கொரு பொருள் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார். மற்ற பெண்கள் வெங்காயச் சருகு, பட்டு நூல், ஈசல் இறகு என்று கொண்டுவந்தார்கள். அமிர்தவள்ளி வெட்கப்பட்டுக்கொண்டே, அப்பா முடி சுரண்டிய தோலில் ஒரு துண்டு கொண்டுவந்தாள். அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

அன்றே முடிவுசெய்துவிட்டாள். மெட்ராஸுக்குப் போகவேண்டும், காலேஜில் இதைப் படிக்கவேண்டும்.

3

அப்படி என்ன பார்த்தாள்? எனக்கும் தெரியாது. தெரியாததை எழுத எனக்குக் கூச்சமில்லை, ஆனால் இந்த ஒரு இடத்தில் மட்டும் கூசியது. ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குப் போய்க் கெஞ்சினேன். கையில் தோல் எதுவும் இல்லாததால் என் செருப்பு வாரில் ஒரு ஓரத்தைக் கொடுத்தேன். பேராசிரியர் செருப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

பிறகு நான் பார்த்தேன்.

குழிகள். ஒரு பெரிய குழி, அதை ஒட்டிச் சின்னக் குழிகள், மறுபடி பெரியது. நெல் அறுத்த வயலில் தாளடி நிற்பதுபோல வரிசை மாறாமல் கண்ணுக்கெட்டியவரை போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முடி நின்றிருக்கிறது. யாருக்காக இவ்வளவு ஒழுங்கு? மலையடிவாரத்தில் வேலி தாண்டி மேய்ந்து உதை வாங்கிய ஏதோ ஒரு ஆட்டுக்காக.

இதைத்தான் நான் இரண்டு வருடம் மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.*

* அன்று வீடுவரை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன் என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். போட்டுக்கொண்டுதான் போனேன். கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.

4

இப்போது சிக்கல். சாமுவேலுக்கு ஓர் அக்கா. அவள் மகனுக்குத்தான் அமிர்தவள்ளி என்பது, இவள் தொட்டிலில் கிடக்கும்போதே பேசிவைத்தது. வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் பாக்கு வெற்றிலை மாற்றவேண்டும். மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குமேல் மெட்ராஸ் கிடையாது. மெட்ராஸ் கல்லூரிக்குப் பெயர் அனுப்பவேண்டிய கடைசி நாளோ சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமைதான் மகளைக் கூட்டிப்போகச் சாமுவேல் வந்தார்.

முதல் பிரதியில் அவருக்குப் பெரிய மீசை வைத்து, கத்தவிட்டேன். அவர் கத்த மாட்டேன் என்றார். யோசித்தால் நியாயம்தான். இந்தப் பெண்ணை விடுதியில் சேர்த்ததே அவர்தானே. அமிர்தவள்ளிக்கும் ஒரு பக்கத்துக்குப் பிரசங்கம் எழுதிக்கொடுத்திருந்தேன். அவள் அதை வாங்கவே இல்லை. அப்பாவை எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வராது. அவளிடம் இருந்தது அந்தத் தோல் துண்டு மட்டும்.

5

சாமுவேல் விஞ்ஞான அறை வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க" என்றார் கிரேஸி டீச்சர்.

"இங்கயே நிக்கறேன் டீச்சரம்மா. உள்ள வந்தா வாட அடிக்கும்."

"இங்க ஆசிட் வாடை அதைவிட ஜாஸ்தி. வாங்க."

வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நாளைக்குப் பாக்கு வெத்தல. அக்கா நேத்தே வந்து ஊட்ல ஒக்காந்திருக்குது. பொண்ணைக் கூட்டிட்டுப் போய்டறேன்."

"நான் மெட்ராஸுக்கு இவ பேரை எழுதி அனுப்பணும். எழுதட்டுமா வேணாமா, அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவர் பதில் சொல்வதற்குள், தோல் துண்டு வைத்த மைக்ராஸ்கோப்பைக் காட்டி அமிர்தவள்ளி சொன்னாள்: "நைனா, ஒரே ஒரு வாட்டி இதுல பாரு. அப்பறம் நீ கூப்டா வர்றேன்."

குனிந்து பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார். முகம் கறுத்துவிட்டது.

"இன்னாமா இது? முடி இருக்குது!"

"எங்க?"

"தோ, கரேல்னு, கம்பி கம்பியா! நான் சொரண்டின தோல்ல முடி இருக்காது. இது என் கை வேலையே இல்ல. யாரு குடுத்தது ஒனக்கு?" மறுபடி குனிந்தார். "அய்யோ, அசையுது!"

அமிர்தவள்ளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அது உன் இமை முடி, நைனா! கண்ணைக் கொட்டாத. கிட்டக்க வெச்சுப் பாரு. இன்னொரு கண்ணை மூடிக்கோ."

(இந்தத் தவறு ஆய்வகத்தில் நான் செய்ததுதான். ஆனால் நான் வெறுமனே பயந்தேன். தன் கத்தியின் மானம் போனதாகக் கோபப்படச் சாமுவேலால்தான் முடியும்.)

அவருக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வரவில்லை. மூடினால் இரண்டும் மூடிக்கொண்டன, திறந்தால் இரண்டும் திறந்தன. கடைசியில் அவள் அவர் அருகில் போய், தன் உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணைப் பொத்தினாள்.

அவர் வலது கண்ணால் மறுபடி குனிந்து பார்த்தார்.

"அமிர்தம்."

"இன்னா நைனா?"

"ஒவ்வொரு முடிக்கும் ஒரு ஊடு கட்டி வெச்சிருக்கான்மா." கண்ணை எடுக்காமலே, "இத்தினி வருசம் இது மேலதான் கத்தி வெச்சினு இருந்தனா?" என்றார். பிறகு, "மெட்ராஸ்ல இன்னும் பெருசா காட்டுவாங்களா?"

"காட்டுவாங்க."

6

முடிவுகள்:

அ. "எழுதுங்க டீச்சரம்மா" என்கிறார் சாமுவேல். (எழுதியதும் எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது. அதனாலேயே சந்தேகம் வந்து அடித்தேன். வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் அக்காவை ஒரே பார்வையில் மறந்துவிடுகிற தம்பியை நான் எங்கும் பார்த்ததில்லை.)

ஆ. மகளைக் கூட்டிப் போய்விடுகிறார். தோல் துண்டு அவளுடைய பைபிளுக்குள் (நடக்கக்கூடியதுதான். ஆனால் அவ்வளவு பெரிதைப் பார்த்த மனிதர் திங்கட்கிழமை காலையில் அதே கத்தியை எடுத்து, ஒன்றுமே நடக்காததுபோல...)

இ. அத்தையையும் கூட்டிவந்து பார்க்கச் சொல்கிறார்கள். அவள், "எனக்கு எதுவும் தெரியலியே" என்று (ஆசையாகத்தான் இருக்கிறது. அத்தை வேறு கதை.)

7

இதற்குமேல் எனக்குத் துணிச்சல் இல்லை. பிரமித்து நிற்கும் ஒரு மனிதரின் வாயில் என்னுடைய வார்த்தையைத் திணிக்க மனம் வரவில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம். தபால் போக இன்னும் நேரமிருக்கிறது. கிரேஸி டீச்சர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். சாமுவேல் குனிந்தவர் இன்னும் நிமிரவில்லை. மகளின் கை அவர் இடது கண்ணை மூடியிருக்கிறது. அந்த உள்ளங்கை மெல்ல நனைகிறது. அவளுக்கு அது தெரிகிறது. இருந்தும் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் நிமிர்ந்துவிடுவார், நிமிர்ந்தால் ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும்.

அந்தக் கையை எடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் எடுங்கள்.