திருச்சிக்குப் பதிலா எர்பில்

மருமகனை எர்பிலுக்கு அனுப்பினது நான்தான். ஆர் கேட்டாலும் மறைக்கமாட்டன்.

செர்ஹாத் துருக்கியில பிறந்த குர்துப் பெடியன். அங்க அவனுக்கு மேல வழக்கு இருக்கு, திரும்பிப் போகேலாது. என்ர மகள் சாருஜாவைக் கட்டி இங்க கனடாவில, டொலார்டில எங்களோடதான் இருக்கிறான். இனித் தாயைக் காணமாட்டன் எண்டு ஒரே அழுகை.

"விசர்க்கதை கதையாதை," எண்டு பேசினன். "எங்கட சனம் யாழ்ப்பாணம் போகேலாத காலத்தில திருச்சியில ரூம் எடுத்துத்தானே தாய் தகப்பனைக் கண்டது? நீயும் எல்லைக்கு அங்கால ஒரு இடத்துக்குக் கூப்பிடன்."

எல்லைக்கு அங்கால ஈராக்கில குர்துகளுக்கெண்டு தனி ஆட்சி. எர்பில்தான் தலைநகர். முந்தித் துருக்கி அவையோட முறுகிக்கொண்டு நிண்டது. இப்ப இரண்டு பக்கமும் கைகுலுக்கியாச்சு, தாய் மனுசி பஸ்ஸில வரலாம்.

"அதுதான் மாமி பயம்," எண்டான், பாதி தமிழ் பாதி பிரெஞ்சில. "சிநேகிதம் எண்டால் ஆளையும் பிடிச்சுத் துருக்கிக்குக் குடுப்பினம்."

"உங்கட சனம்தானே, குடுப்பினமோ?"

எங்கட சனமே எங்களைக் காட்டிக்குடுத்ததைக் கண்ணால கண்ட நான் இப்பிடிக் கேட்டன், பாருங்கோ. வாய்க்கொழுப்பு.

போன கிழமை எர்பிலில இருந்து அவன்ர மெசேஜ் வந்தது. தாய் வந்து கண்டுட்டுத் திரும்பிட்டாவாம். ஆனால் ஹோட்டலுக்கு இரண்டு பேர் வந்து இவன்ர பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போயிட்டினமாம். அதோட போனும் நிண்டுட்டுது. சாருஜா வேலைக்குப் போகேல்லை, சாப்பிடேல்லை, என்னோட முகம் குடுத்துக் கதைக்கவும் இல்லை. வாசலில கார் நிண்டாலும் எட்டிப் பாப்பன், நிக்காமல் போனாலும் எட்டிப் பாப்பன். அவனைத் துருக்கிக்குக் கொண்டு போயிட்டாங்கள் எண்டே நினைச்சன்.

நேற்றுப் பின்னேரம் சாருஜாவின்ர போன் அடிச்சுது. டோகா எயாப்போட்டில ஆற்றையோ போனில இருந்து செர்ஹாத். கனடாப் பாஸ்போர்ட் எண்டபடியால் விட்டுட்டினமாம். சாருஜா குளறி அழுதாள். நான் போனை ஸ்பீக்கரில போடச் சொன்னன்.

"ஊரில இருக்கிற தங்கச்சியோட கதைச்சனான்," எண்டான் பேந்து. "அம்மா வீடு போய்ச் சேரேல்லை. எல்லையில துருக்கிப் பொலிஸ் மறிச்சு, ஆரைப் பாக்கப் போனனீ எண்டு கேட்டு, அவவைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்."

இவ்வளவு நாளும் முருகனிட்ட நான் மருமகனை மட்டும்தான் கேட்டனான். இண்டைக்கு அந்த மனுசிக்கு ஒரு அர்ச்சனை செய்விப்பம் எண்டு கோயிலுக்குப் போனன். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பேரைக் கேட்டார்.

என்ர சம்பந்தி அவ. பேர் எனக்குத் தெரியாது.