குட்ருன் நீக்கிய மூச்சுக்குறிகள்

லைப்சிக் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் ஒலிப்பதிவின் கடைசி நாள். இசையமைப்பாளர் ஆன்செல்ம் ரீட்ஸ்லர் இறந்து நூற்றெழுபது வருஷமாகியும், அவர் புல்லாங்குழலுக்கு எழுதிய எதுவும் இசைத்தட்டில் வந்ததில்லை. அதற்காகப் பதினோரு வருஷம் நாயாய் அலைந்தவள் புல்லாங்குழல் கலைஞர் குட்ருன். கையெழுத்துப் பிரதிகளைச் சீர்செய்து அச்சிட்டவளும் அவள்தான். இந்தத் தட்டு நின்றால்தான் அவள் பேர் நிற்கும்.

ரீட்ஸ்லரின் கடைசிப் படைப்பு முழுக்க மூச்சு வாங்க வேண்டிய இடம் இது என்று யாரோ பென்சிலில் மூச்சுக்குறி போட்டிருந்தார்கள். எந்தக் குழல்காரனாவது பாதிச் சுரத்தில் மூச்சு வாங்குவானா? அரைகுறை மாணவன் எவனோ கிறுக்கியது என்று முன்னுரையில் நக்கலடித்துவிட்டு, இருநூற்றுச் சொச்சம் குறிகளையும் நீக்கியிருந்தாள் குட்ருன். அன்று காலை அதை நீள நீளமான மூச்சில் அவள் வாசித்து முடித்தபோது ஒலிப்பதிவாளர் டெட்லெஃப் வாயைப் பிளந்தார்.

"உனக்கு நுரையீரலா, கொல்லன் துருத்தியா? பதிவுல கேக்குற ரெண்டு மூணு மூச்சுச் சத்தத்தையும் நான் வெட்டி எறிஞ்சுடறேன்."

"எறிங்க. அதுலதானே உங்களுக்குப் பேரே."

காப்பி குடிக்கும்போது ரீட்ஸ்லரின் ஊர் ஆவணக்காப்பகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் மனைவி தெரேஸா மருத்துவருக்கு எழுதிய கடிதம் இப்போதுதான் கிடைத்ததாம். குட்ருன் சத்தமாகப் படித்தாள்.

'நீங்கள் சொன்னபடி பக்கத்தில் உட்கார்ந்து, வாசிக்கையில் அவருக்கு மூச்சு அறுந்த இடங்களையெல்லாம் குறித்திருக்கிறேன். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பாருங்கள்.'

சாகிற மனுஷனின் இழுப்பையா கிறுக்கல் என்று அச்சில் ஏற்றினோம்? குட்ருன் மூலப்பிரதியின் படத்தைத் திறந்தாள். முதல் பக்கத்தில் ஒன்பது குறி. நான்காம் பக்கத்தில் எண்ண முடியவில்லை.

டெட்லெஃப் எட்டிப் பார்த்தார். "கடைசி ரெண்டு வரியில ஒண்ணுகூட இல்லையே. அங்க கொஞ்சம் தேறிட்டாரோ?"

அவள் கடிதத்தின் மிச்சத்தைப் படித்தாள். 'கடைசி இரண்டு வரிகளுக்குக் குறி இல்லை. அதுவரை அவரால் வர முடியவில்லை.'

குட்ருன் குழலைக் கையில் எடுத்தாள்.

"காலையில பதிஞ்சதை அழிச்சுடுங்க."

"யோசிச்சுக்கோ, குட்ருன். மூச்சுப் பிடிக்கத் தெரியாதவன்னு உன்னை விமர்சகனுங்க கிழிச்சு எழுதுவானுங்க."

"எழுதட்டும். நானும் ஒரு பொம்பளையோட கையெழுத்தைக் கிறுக்கல்னுதானே எழுதினேன்."

தெரேஸா குறித்த இடத்திலெல்லாம் நிறுத்தி, மூச்சு வாங்கி வாசித்தாள் குட்ருன். டெட்லெஃப் ஒரு மூச்சையும் வெட்டவில்லை. கடைசிக் குறி வந்ததும் குழலை மடியில் வைத்தாள். மிச்ச இரண்டு வரி அந்தத் தட்டில் இல்லை.